மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுகிறீர்களா?

டிஎஸ்எல்ஆரை விட்டு மிரர்லெஸுக்கு வருகிறவர்களைத் திகைக்க வைப்பது பேட்டரி தீரும் வேகம். கேனான் 5டி மார்க் 4-இல் ஒரு சார்ஜுக்கு 900 படங்கள் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. 2018-இல் வந்த இஓஎஸ் ஆர்-இல் அது 370தான். வ்யூஃபைண்டரே ஒரு சின்னத் திரை என்பதால், கண் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் சார்ஜ் குறைகிறது. கல்யாண வேலைக்குப் போகிறவர்கள் கூடுதல் பேட்டரி இல்லாமல் கிளம்பக் கூடாது.

பழைய லென்ஸ்களை அவசரப்பட்டு விற்க வேண்டாம். கேனான் ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக ஆர் வரிசை கேமராக்களில் ஆட்டோஃபோகஸுடன் வேலை செய்கின்றன. நிக்கான்காரர்கள்தான் கவனிக்க வேண்டும். எஃப்டிஇசட் அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே 50 எம்எம் 1.8டி போன்ற ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

மண்டபத்து எல்இடி விளக்கில் சைலன்ட் ஷட்டர் போட்டு எடுத்தால், மணமக்கள் முகத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் குறையும்.

ஸ்டுடியோ ஃபிளாஷில் வ்யூஃபைண்டர் இருட்டாகத் தெரிகிறதா? கேமரா பழுதில்லை, மெனுவில் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணைத்தால் போதும்.

லென்ஸைக் கழற்றியதும் பல மாடல்களில் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும், தடுக்கக் கண்ணாடி இல்லை. கேமராவை அணைத்து, வாய்ப்பக்கம் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு லென்ஸை மாற்றுங்கள். தூசி விழுந்தால் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறித்துக் கறை படியும்.