சிந்தனைக் கிளறல்: தொழிலிடத்தில் குழுவாகச் சிந்திக்கும் முறை

நம்மவர்கள் தொழில் புரியும் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் முதியோர் இல்லங்களிலும் எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி அமரச் செய்து, “இதற்கு உங்கள் யோசனை என்ன?” என்று கேட்கும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. பாடசாலைகளிலும் மாணவரைக் குழுக்களாகப் பிரித்து இவ்வாறே செய்விக்கின்றனர். இக்கூட்டங்களில் நம்மவருள் பலர் மௌனமாக இருந்துவிட்டு எழுந்து வருவதை நாம் அறிவோம். யோசனை இல்லாமையால் அன்று. பத்து ஆண்டுகளாக ஒரே இயந்திரத்தின் அருகில் நிற்பவருக்குத் தெரியாத குறை அவ்வியந்திரத்தில் என்ன இருக்க முடியும்? மொழி தடுக்கிறது, அதைவிடப் பழக்கம் தடுக்கிறது. ஆதலால் இக்கூட்டங்கள் எவ்வாறு தோன்றின, அவற்றை எவ்வாறு நடத்தினால் பயன் விளையும் என்பதை இங்கு நோக்குவோம்.

நாம் வாழும் ஜேர்மனியில் தொழிலாளரிடம் யோசனை கேட்பது புதியதொன்றன்று. எஸ்சன் நகரின் உருக்கு ஆலை அதிபர் அல்பிரட் குறுப், 1872ஆம் ஆண்டில் தமது ஆலைக்கென வகுத்த பொது விதிகளிலேயே, வேலையைச் சீர்படுத்தும் யோசனைகளை ஊழியர் எவரிடமிருந்து வந்தாலும் ஏற்று ஆராய வேண்டும் என்று எழுதி வைத்தார். எனினும் அது தனியொருவர் மேலாளரிடம் கொண்டு செல்லும் யோசனையாகும். பலர் கூடியிருந்து யோசனைகளைப் பெருக்கும் முறையை வகுத்தவர் அமெரிக்கரான அலெக்ஸ் ஒஸ்போர்ன் (1888–1966). இவர் பெரியதொரு விளம்பர நிறுவனத்தின் பங்காளராக விளங்கியவர். 1930களின் இறுதியில் தமது நிறுவனத்தில் தொடங்கிய இம்முறையை 1948இலும் 1953இலும் வெளியிட்ட நூல்களில் விரிவாக விளக்கினார்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைச் சிலர் ‘மூளைப்புயல்’ என மொழிபெயர்க்கின்றனர். ஒஸ்போர்ன் கருதியது காற்றும் மழையுமான புயலை அன்று. படைவீரர் பல திசைகளிலிருந்தும் ஒரே கோட்டையின்மீது பாய்வதைப் போலப் பலருடைய மூளைகள் ஒரே பிரச்சினையின்மீது பாய்வதையே கருதினார். இலங்கையில் ஆசிரியர் பயிற்சியில் வழங்கும் ‘சிந்தனைக் கிளறல்’ என்னும் சொல்லே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. மண்ணைக் கிளறினால்தான் அடியிலுள்ளது மேலே வரும். (‘மூளைச்சலவை’ என்பது முற்றிலும் வேறு, மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது!)

ஒஸ்போர்ன் விதித்த விதிகள் நான்கே. யோசனை கூறப்படும் வேளையில் எவரும் அதனைக் குறை கூறலாகாது. விசித்திரமான யோசனையும் வரவேற்கப்பட வேண்டும். தரத்தைவிட எண்ணிக்கையையே முதலில் நாட வேண்டும். ஒருவர் கூறியதை மற்றவர் வளர்க்கலாம், இரண்டை இணைத்து மூன்றாவதை ஆக்கலாம்.

இவற்றுள் முதலாம் விதியே உயிர் போன்றது. கைக்கொள்வதற்கு அரியதும் அதுவே. “இதை முன்னரே செய்து பார்த்தாயிற்று”, “இதற்குப் பணம் எங்கே?” என்னும் ஒரு சொல் போதும், அடுத்தவர் வாய் மூடிக்கொள்வார். வாயால் கூறாவிடினும் ஓர் ஏளனச் சிரிப்பு அதே வேலையைச் செய்துவிடும். குறை காண்பது வேண்டாம் என்று இவ்விதி கூறவில்லை. அதற்கு வேறொரு வேளை உண்டு என்றே கூறுகிறது. யோசனையைப் பெறுவதும் அதனை நிறுத்துப் பார்ப்பதும் இரு வேறு தொழில்கள்.

ஆனால் இம்முறையை நாடுவோர் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. நால்வர் கூடியிருந்து கூறிய யோசனைகளையும், நால்வர் தனித்தனியே எழுதியவற்றைத் தொகுத்து, ஒத்தவற்றை ஒன்றாகக் கணக்கிட்டுப் பெற்ற யோசனைகளையும் ஒப்பிட்டபோது, தனித்தனியே எழுதியவர்களின் தொகுப்பே மிகுந்திருந்தது. காரணம் யாது? 1987இல் ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரிலிருந்து டீல், ஸ்ரோப என்னும் இரு உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறியது. குழுவில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். மற்றவர் தமது முறைக்காகக் காத்திருக்கையில் தம் யோசனையை மறந்துவிடுகின்றனர், அல்லது இனி அது தேவையில்லை என்று விட்டுவிடுகின்றனர். சோம்பலும் கூச்சமும் உண்டெனினும் இக்காத்திருப்பே பெருந்தடை என அவர்கள் கண்டனர்.

அங்ஙனமாயின் கூட்டத்தைக் கைவிடுவதா? வேண்டியதில்லை. எழுதிய பின் பேசினால் போதும். ஜேர்மனியரான பேர்ண்ட் றோர்பாக் 1968இல் உருவாக்கிய ‘6-3-5’ என்னும் முறை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆறு பேர் அமர்ந்து, ஒவ்வொருவரும் தத்தம் தாளில் ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனைகளை எழுதுவர். பின்னர் தாளை அருகிலிருப்பவரிடம் கொடுப்பர். அவர் எழுதியிருப்பதை வாசித்து, அதனை வளர்த்தோ புதிதாகவோ மேலும் மூன்றை எழுதுவார். ஆறு சுற்றுகளில், அரை மணி நேரத்தில், 108 யோசனைகள் தாளில் இருக்கும். ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டார்!

இம்முறை நம்மவர்க்கு மிகவும் உகந்தது. ஜேர்மன் மொழியில் விரைந்து பேசுவோரிடையே நாம் வாக்கியத்தை மனத்தில் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறிடம் சென்றுவிடும். தாளிலோ அந்த ஐந்து நிமிடமும் நம்முடையதே. முதலில் தமிழிற் குறித்துக்கொண்டு பின் மொழிபெயர்த்து எழுதலாம். வேற்றுமை உருபு பிழைத்தாலும் கருத்து பிழைக்காது. உங்கள் தொழிலிடத்தில் இம்முறை இல்லையெனில், “பேசுமுன் ஐந்து நிமிடம் எழுத விடுங்கள்” என்று மேற்பார்வையாளரிடம் கேட்பதில் தவறில்லை.

கூட்டத்தை நடத்தும் பொறுப்பு நம்மிடம் வந்தால், முதற்கண் வினாவைச் செம்மையாக்க வேண்டும். “ஆண்டு விழாவை எவ்வாறு சிறப்பிக்கலாம்?” என்று கேட்டால் பாராட்டுரைகளே வரும். “300 பேருக்கு அரை மணி நேரத்தில் இராச் சாப்பாடு பரிமாறுவது எப்படி?” என்று கேளுங்கள், சோற்றுப் பொதி முதல் இரட்டை வரிசை வரை யோசனைகள் வரும். தொழிற்சாலையிலும் அவ்வாறே. “தரத்தை உயர்த்துவது எப்படி?” என்பது வினாவாகாது. “பொதி செய்யும் மேசையிலிருந்து வண்டிக்குச் செல்வதற்குள் பெட்டிகளின் மூலைகள் நசுங்காதிருக்க என்ன செய்யலாம்?” என்பதே வினா. அதனை முதல் நாளே அறிவித்துவிடுவது நன்று.

குழுவில் ஆறு முதல் பன்னிருவர் வரை இருக்கலாம். வேலையை நாள்தோறும் செய்பவர் சிலரும் அதனைப் புதிதாகக் காண்பவர் ஓரிருவரும் இருத்தல் வேண்டும். நெறியாளர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர். குறிப்பெடுப்பவர் கூறியவரின் சொல்லையே எழுத வேண்டும், தமக்குப் பிடித்தவாறு திருத்தலாகாது. மூத்த அதிகாரி இறுதியிற் பேச வேண்டும். அவர் முதலிற் பேசிவிட்டால் பின்வருவன யாவும் அதற்கு ஆமோதிப்பாகவே அமையும்.

இவ்விடத்திற் பெற்றோருக்கு ஒரு சொல். பெரியோர் கதைக்கையில் குறுக்கே கதைப்பதை நாம் ‘வாய் காட்டுதல்’ என்று அடக்கி வளர்ந்தோம், அவ்வாறே வளர்க்கின்றோம். அடக்கம் வேண்டியதே. ஆயினும் வள்ளுவர் ‘அவை அஞ்சாமை’ என்று தனி அதிகாரமே வகுத்துள்ளார். வீட்டில் ஒரு நாளும் கருத்துக் கேட்கப்படாத பிள்ளை வகுப்பறைக் குழுவில் திடீரெனக் கருத்துக் கூறுமென எதிர்பார்க்க முடியாது. விடுமுறைக்கு எங்கே செல்வது, சிறிய அறையில் மேசையை எங்கே வைப்பது போன்றவற்றில், வீட்டிலுள்ள அனைவரும் தாளில் எழுதிப் போட்டுப் பாருங்கள். கடைக்குட்டியின் தாளை முதலில் வாசியுங்கள்.

யோசனைகள் திரண்ட பின் ஒத்தவற்றை ஒன்றாக்க வேண்டும். இயன்றால் தெரிவை மறுநாளைக்கு விடுவது நல்லது. இரவு கழிந்தால் சொன்னவரே தம் யோசனையின் குறையைக் காண்பார். செலவு, காலம், எவருக்கு வேலை கூடும் என்பவற்றை இப்பொழுது கேட்கலாம். தெரிந்தெடுத்த ஒவ்வொன்றின் எதிரிலும் செய்பவரின் பெயரையும் நாளையும் எழுத வேண்டும். ஏற்கப்படாத யோசனைகளை அளித்தவர்களிடமும் காரணத்தைக் கூற வேண்டும். பல தொழிலிடங்களில் இது நடப்பதில்லை. இரண்டு கிழமை கழிந்தும் தமது தாளுக்கு என்ன ஆயிற்று என்று அறியாதவர், அடுத்த கூட்டத்திற்கு வெறுந்தாளுடனேயே வருவார்.