ஓதற்பிரிவும் அண்ணல் அம்பேத்கரும்

கல்வியின் பொருட்டுப் பிரிதலைப் பகை, தூது ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணியவர் தொல்காப்பியர். அப்பிரிவு மூன்றாண்டினைக் கடவாது எனக் கற்பியலில் எல்லையும் வகுத்தார். இப்பகுதியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நம் நினைவில் எழுபவர் அண்ணல் அம்பேத்கர். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு வழங்கிய உதவித்தொகையும் மூன்றாண்டுக்கே உரியது. திங்களுக்கு 11½ பவுன். படித்துத் திரும்பியபின் பத்தாண்டு பரோடாவில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவர் அவரே. பம்பாய்ப் பரேல் பகுதியில் ஒற்றை அறையே வீடு. மகன் முன்னிரவில் உறங்க, தந்தை இராம்ஜி விழித்திருந்து பின்னிரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிப் படிக்க வைப்பாராம். பூங்காவில் தனியே படித்துக்கொண்டிருந்த சிறுவனைக் கண்டு நூல்கள் தந்தவரும், பின்னர் மன்னரிடம் அழைத்துச் சென்றவரும் கெலூஸ்கர் என்னும் ஆசிரியர். முதல் தலைமுறை மாணவனுக்கு வழி சொல்ல வீட்டில் ஆள் இராது. அவ்விடத்தில் ஆசிரியரே நிற்க வேண்டியவராகிறார்.

தந்தை 1913 பிப்ரவரியில் மறைந்தார். மனைவி இரமாபாயையும் கைக்குழந்தையையும் விட்டு, சூலையில் நியூயார்க்கு நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். பெற்ற தொகையில் இல்லத்திற்கும் அனுப்ப வேண்டியிருந்தது. எஞ்சியதில் உணவைக் குறைத்துப் பழைய நூற்கடைகளில் நூல்களைத் தேடித்தேடி வாங்கினார். 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே 9இல் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையைக் கருத்தரங்கில் படித்தார். அவ்வாண்டே இலண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும் கிரேசு இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகையின் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பு பாதியில் நின்றது. நான்காண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் எனப் பல்கலைக்கழகம் இசைந்தது. வேறு கப்பலில் அனுப்பிய நூல்களோ கடலில் மூழ்கின.

பரோடாவில் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கொலம்பியாவில் கற்றுத் திரும்பியவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. நண்பர் இருவரை நாடியும் இடம் கிட்டாமல் பூங்காவில் அமர்ந்திருந்து இரவு வண்டியேறினார். மன்னர் கப்பற் செலவு தந்தார், கட்டணம் தந்தார், பதவியும் தந்தார். தலைசாய்க்க ஓர் இடத்தை உறுதி செய்ய அவருடைய அலுவலகத்தில் எவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கும் சமுதாயப் பெரியவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். விமானச் சீட்டு வாங்கித் தருவதோடு நம் கடன் தீர்ந்துவிடுகிறதா? இரண்டாமாண்டுக் கட்டணம் யார் பொறுப்பு? படித்து வருபவனுக்கு ஊரில் என்ன வேலை வைத்திருக்கிறோம்?

அண்ணல் சோர்ந்துவிடவில்லை. சைடன்காம் கல்லூரியில் பேராசிரியராகி ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராசாவும் கொலம்பியாவில் உடன் தங்கிய பார்சி நண்பர் நவல் பத்தேனாவும் உதவினர். 1920இல், குறித்த நான்காண்டு முடியுமுன், மீண்டும் இலண்டன் சேர்ந்தார். பகலெல்லாம் நூலகம், இரவில் பசிக்கு நண்பர் ஒருவர் கொடுத்த அப்பளம். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு அறிவியல் முனைவர் பட்டம் கிடைத்தது.

கொலம்பியாவின் முனைவர் பட்டம் 1927இல்தான் முறைப்படி வந்தது. ஆய்வேடு 1925இல் நூலாக அச்சேறிய பின்னர். மாகாண நிதி பற்றிய அந்நூலுக்கு அவருடைய ஆசிரியர் செலிக்மன் முன்னுரை எழுதினார். பரோடாவின் அவமதிப்பை அண்ணல் மறந்தவர் அல்லர். பிற்காலத்தில் விரிவாகவே எழுதினார். எனினும் அந்நூலைத் தம் கல்விக்கு உதவிய பரோடா மன்னருக்கே நன்றியுடன் உரிமையாக்கினார்.