மார்ச்சில் நக்சோஸ் தீவுக்குப் போகிறீர்களா?

கோடையில் எள் விழ இடமிருக்காத இந்தக் கிரேக்கத் தீவில், மார்ச்சில் கடற்கரை ஹோட்டல்கள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். துறைமுக ஊரான ஹோராவில் அறை எடுங்கள். பேக்கரி, மருந்துக்கடை எல்லாம் அங்கே ஆண்டு முழுக்க உண்டு.

காற்று போஃபோர்ட் அளவில் 8-ஐத் தொட்டால் கப்பல் போக்குவரத்துக்குத் தடை விழும். அதிவேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். ஏதென்ஸில் விமானம் ஏற வேண்டிய நாளன்றே தீவிலிருந்து கிளம்பலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

சைவர்களுக்கு இது அருமையான காலம். மார்ச் கடைசியில் ஈஸ்டர் நோன்பு நடக்கும். 'நிஸ்டிசிமோ' என்று கேட்டால் இறைச்சி, முட்டை, பால் சேராத உணவு தருவார்கள். ஆனால் கணவாயும் இறாலும் நோன்புக்கு விலக்கல்ல. அதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மழைக்கு முளைத்த காட்டுக் கீரையை வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி எலுமிச்சை பிழிந்து தரும் 'ஹோர்த்தா'வை விட்டுவிடாதீர்கள். இலை குழைந்து, லேசாகக் கசக்கும், ரொட்டியோடு அமிர்தம்.

பல வீடுகளில் வெந்நீருக்குச் சூரிய ஹீட்டர்தான். மேகமூட்டமான நாளில் தேவைப்படும் அதன் மின்சுவிட்ச் எங்கே என்று முதலிலேயே கேட்டுவையுங்கள்.

மார்ச் 25 தேசிய விடுமுறை; வேண்டியதை முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.