வேகமும் தூரமும்: புதிய சாரதிக்கு ஒரு பாடம்

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் எம்மில் பலர் ஸ்கூட்டி ஓட்டப் பழகுவோம். அதற்கு முன், பௌதிகவியல் பாடத்தில் செய்த ஒரு கணக்கை வீதியில் வைத்துப் பார்ப்போம்.

மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். ஒரு சிறுபிள்ளை வீதியின் குறுக்கே ஓடுகிறது. அதைக் கண்டு நாம் பிரேக் பிடிக்க ஒரு செக்கன் செல்லும். அதற்குள் வண்டி 10 மீற்றர் போய்விடும். அமர்முடுகலை செக்கன் வர்க்கத்துக்கு 5 மீற்றர் என எடுத்தால், நிற்பதற்கு மேலும் 10 மீற்றர் வேண்டும். மொத்தம் 20 மீற்றர்.

வேகம் 72 ஆனால்? 20 உடன் 40, மொத்தம் 60 மீற்றர். வேகம் இரு மடங்கு. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ நான்கு மடங்கு! மழை பெய்த வீதியில் இது இன்னும் கூடும். கண் தொலைபேசியில் இருந்தால் அந்த ஒரு செக்கனும் நீளும்.

ஆகவே, பழகும்போதே இவற்றை வழக்கமாக்குவோம்:

1. முன்னே செல்லும் வாகனம் ஒரு மின்கம்பத்தைக் கடந்து இரண்டு செக்கன் சென்ற பின்பே நாம் அதைக் கடக்க வேண்டும். மழையில் இன்னும் கூடுதலாக விடுவோம்.
2. தலைக்கவசத்தின் பட்டியை நாடியின் கீழ் இறுக்கிப் பூட்டுவோம்.
3. அபாயாவின் ஓரம் சில்லில் சிக்காதபடி ஒதுக்கி அமர்வோம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 18 வயது நிரம்பாமல் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. 17 வயதான என்னிடம், "பதினெட்டு வரட்டும் மகள்" என்கிறார் வாப்பா. ஆனால் பெருநாள் அன்று எத்தனை வீடுகளில் பதினைந்து வயது மகனின் கைக்குச் சாவி போகிறது! மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று இந்தக் கணக்கு மாறாது.