எண்ணெய் மாற்றியபின் எஞ்சினில் தோன்றும் கோளாறுகள்

நேற்றுவரை குறையின்றி உழுத டிராக்டர் எண்ணெய் மாற்றிய மறுநாள் நீலப் புகை கக்குவதும், ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் நின்றுவிடுவதும், எண்ணெய் அழுத்த விளக்கு அணையாமல் எரிவதும் கிராமங்களில் புதிய செய்திகளல்ல. உரிமையாளர் உடனே புது எண்ணெயின்மீது பழி சுமத்துவார். எண்ணெய் விற்றவரோ எஞ்சின் பழையதென்பார். பெரும்பாலான சமயங்களில் இரண்டும் உண்மையல்ல. எண்ணெய் மாற்றும்போது கை பட்ட இடங்கள் சிலவே. கோளாறும் பொதுவாக அவ்விடங்களுள் ஒன்றிலேயே இருக்கும். எஞ்சினைப் பிரிக்க முற்படுமுன், செய்த வேலையை அதே வரிசையில் திரும்பச் சென்று பார்த்தல் வேண்டும். களப்பணியாளர் ஒருவர் இம்முறையைக் கைக்கொள்வாராயின், ஒரு குடியானவருக்கு ஒரு பருவத்தின் உழவையே மிச்சப்படுத்திக் கொடுக்க இயலும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது 15 முதல் 25 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டீசல் டிராக்டர். மகாராஷ்டிரத்தின் திராட்சைத் தோட்டங்களிலும் நாகபுரிப் பகுதியின் ஆரஞ்சுத் தோட்டங்களிலும் வரிசைகளுக்கிடையே புகுந்து வேலை செய்வது இவ்வகையே. இதன் எஞ்சினில் ஒன்று முதல் மூன்று சிலிண்டர்கள் இருக்கும்; அடித்தொட்டியில் பெரும்பாலும் 3 லிட்டர் முதல் 6 லிட்டர் வரை எண்ணெய் கொள்ளும். அளவு சிறிதாகையால் பிழையின் விளைவு பெரிது. 4 லிட்டர் கொள்ளும் தொட்டியில் ஒரு லிட்டரை மிகுதியாக ஊற்றுவது, வேண்டிய அளவில் நாலிலொரு பங்கைக் கூட்டுவதாகும். சரியான அளவு டிராக்டருடன் வரும் கைப்புத்தகத்தில் இருக்கும். புத்தகம் தொலைந்து போயிருப்பின், மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய விவசாய எந்திரப் பயிற்சி, சோதனை நிலையத்தார் அந்த மாதிரியைச் சோதித்து வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் பார்க்கலாம்.

முதற் சில விநாடிகள்

மசகெண்ணெயின் வேலை கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் மெல்லிய படலமாக நின்று, உலோகமும் உலோகமும் உராயாதபடி காப்பதாகும். அப்படலத்தை நிலைநிறுத்துவது எண்ணெய்ப் பம்பு. புது வடிகட்டி பூட்டியதும் அது காலியாகவே இருக்கும். பம்பு முதலில் அதை நிரப்பியாக வேண்டும். ஆகவே, எஞ்சினை ஓட்டியவுடன் அழுத்த விளக்கு சில விநாடிகள் எரிந்து பின் அணைவது இயல்பு. பத்து விநாடி கடந்தும் அணையாவிடின், காரணம் எதுவாயினும், எஞ்சினை உடனே நிறுத்துதல் வேண்டும். "சிறிது நேரம் ஓடினால் சரியாகிவிடும்" என்று விட்டுவைப்பவர், ஒரு வடிகட்டியின் விலையைச் சேமிக்கப் போய்க் கிராங்க் தண்டின் விலையைக் கொடுப்பார்.

விளக்கை நம்புவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுவதற்கு முன்னரே, அது எரிதல் வேண்டும். அப்போது எரியாவிடின், வடிகட்டியைக் கழற்றும்போது அழுத்தச் சுவிட்சின் கம்பி உருவிக்கொண்டிருக்கலாம். அல்லது பல்பு போயிருக்கலாம். எரியாத விளக்கு, அழுத்தம் நன்றாயிருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. இவ்வளவு எளிய சோதனை பெரும்பாலும் செய்யப்படுவதில்லை.

விளக்கு எரிந்து அணையாமலே இருக்குமாயின், முதலில் அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற மறந்தோரும் உண்டு. அவர்கள் அனுபவமற்றவர்களாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. எண்ணெய் சரியாக இருந்தும் அழுத்தம் ஏறாவிடின், பம்பு உறிஞ்சும் திறனை இழந்து வெறும் காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கலாம். அந்நிலையில், எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்து, டீசல் செல்லாதபடி தடுத்து, ஸ்டார்ட்டர் மோட்டாரால் மட்டும் சுமார் பத்து விநாடி சுழற்ற வேண்டும். மோட்டார் சூடேறாமலிருக்கச் சற்று நேரம் விட்டு மீண்டும் சுழற்றலாம். எரிதலின் பளு இல்லாத இவ்வேளையில் எண்ணெய் பேரிங்குகளை அடைந்துவிடும். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் இதை வழக்கமாகக் கொள்வது நன்று. ஆனால், வேலை முடிந்ததும் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ள மறந்துவிட்டு, எஞ்சின் ஓடவில்லையென்று மெக்கானிக்கைத் தேடி நகரத்துக்குச் சென்றவர் பலர்.

ஒழுக்கு பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். பழைய வடிகட்டியைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சின் முகப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் காணாது புதியதை அதன்மேல் முடுக்கினால் இரு வளையங்கள் ஒன்றன்மேலொன்று அமரும். அழுத்தம் ஏறியதும் ஒன்று பிதுங்கி, எண்ணெய் பீறிட்டு, நிமிடங்களில் தொட்டி காலியாகிவிடும். புது வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, கையால் முடுக்குவதே முறை. வடிகால் திருகின் செப்பு வாஷரை மாற்ற வேண்டும். ஒழுகுகிறதென்று நீண்ட ஸ்பானரால் மேன்மேலும் முடுக்கினால் தொட்டியின் மரை அழிந்துபோகும்.

தவறான திருகு

சிறு டிராக்டரின் அடிப்பாகத்தில் எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் வடிகால் திருகுகள் அருகருகே அமைந்திருக்கும். பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். கியர் பெட்டியின் திருகைக் கழற்றி அதன் எண்ணெயை வடித்துவிட்டு, புது எண்ணெயை எஞ்சினில் ஊற்றிவிடுவது, நம்புதற்கரியதாகத் தோன்றினும், நிகழ்ந்து வரும் பிழையாகும். இதன் விளைவு இரட்டையானது. எஞ்சினில் ஏறக்குறைய இரு பங்கு எண்ணெய் தங்கிவிடுகிறது. கியர் பெட்டியோ வறண்டு கிடக்கிறது. எஞ்சின் புகைவதைக் கண்டு அதைமட்டும் திருத்திவிட்டு உழச் செல்பவர், சில மணி நேரத்தில் கியர்களின் ஓலத்தைக் கேட்பார்.

வடிந்த எண்ணெயே இதைக் காட்டிக் கொடுக்கும். ஓடிய டீசல் எஞ்சினின் எண்ணெய் கரியதாக, நீர்த்து, புகை நாற்றத்துடன் வரும். கியர் எண்ணெய் தேன் நிறமோ பழுப்பு நிறமோ கொண்டு, கந்தக வாடையுடன் இருக்கும். இங்கே மற்றொரு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். எஞ்சினுக்கு 15W-40, 20W-40 என்றும் கியருக்கு 90 என்றும் டப்பாக்களில் அச்சிட்டிருப்பதைக் கண்டு, பின்னது இரு மடங்கிற்குமேல் கெட்டியானது எனச் சிலர் எண்ணுகின்றனர். இவை இருவேறு அளவுத்திட்டங்களின் எண்கள். கெட்டித்தன்மையில் இரண்டும் பெரிதும் வேறுபட்டவையல்ல. வேறுபாடு, சேர்க்கப்படும் இரசாயனப் பொருள்களில் உள்ளது. ஆகவே ஒன்றற்கு மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது.

மிகுதியாக ஊற்றியதன் அபாயம்

எண்ணெய் குறைவதே தீங்கு, மிகுவதால் தீங்கில்லை என்ற எண்ணம் ஓட்டுநர்களிடையே வேரூன்றியுள்ளது. இப்பாடத்தில் திருத்தப்பட வேண்டிய முதன்மையான தவறு இதுவே. மட்டம் உயர்ந்தால் சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயில் தோய்ந்து அதைக் கடையத் தொடங்கும். எண்ணெய் நுரைக்கும். நுரையை உறிஞ்சும் பம்பு எண்ணெயோடு காற்றையும் அனுப்புகிறது. ஆகையால் எண்ணெய் மிகுந்திருந்தும் அழுத்தம் குறைந்து, விளக்கு மினுக்கும். இதைக் கண்ட ஓட்டுநர் எண்ணெய் போதவில்லையெனக் கருதி மேலும் ஊற்றுவாராயின், நிலைமை சொல்லுந் தரமன்று.

கடையப்பட்ட எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி மேலே சென்று எரிவதால் நீலப் புகை எழும். பிரீதர் குழாய் வெளியே திறந்திருக்கும் எஞ்சின்களில் எண்ணெய் தரையில் சொட்டும், அவ்வளவே. ஆனால் சில எஞ்சின்களில் அக்குழாய் காற்று உட்புகும் வழியோடு இணைக்கப்பட்டுள்ளது. டீசல் எஞ்சினில் வேகத்தை நிர்ணயிப்பது உட்செல்லும் எரிபொருளின் அளவு. எண்ணெய் ஆவியும் திவலைகளும் காற்றுடன் கலந்து சிலிண்டரை அடையுமாயின் அதுவும் எரிபொருளாகிறது. அதைக் கட்டுப்படுத்தும் கருவி எஞ்சினில் ஏதுமில்லை. எஞ்சின் தானாக வேகங்கொள்ளும். வேகங்கொள்ளக் கொள்ள மேலும் எண்ணெயை இழுக்கும். நிறுத்தும் குமிழ் டீசலை மட்டுமே தடுக்குமாதலால் அதை இழுத்தும் பயனிராது.

இந்நிலை அரிதே எனினும், நேர்ந்தால் சிந்திக்க அவகாசம் இராது. எனவே முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். இருக்கையில் உள்ளவர் டிராக்டரை உயர்ந்த கியரில் இட்டு, இரு பிரேக்குகளையும் முழுவதும் மிதித்துக்கொண்டு, கிளச்சை விடுவித்து எஞ்சினைத் திணறச் செய்து நிறுத்த முயலலாம். அல்லது காற்று உட்புகும் வாயைத் தட்டையான பலகையால் அழுத்தி அடைக்கலாம். உள்ளங்கையாலோ கந்தைத் துணியாலோ அடைத்தலாகாது. உறிஞ்சும் விசை கடுமையானது. இரண்டும் இயலாவிடின் அருகிலுள்ளோரை அப்புறப்படுத்தித் தாமும் விலகுவதே அறிவுடைமை.

மட்டம் பார்க்கும் முறை எளிது. டிராக்டரைச் சமதரையில் நிறுத்த வேண்டும். ஒரு சக்கரம் சாலிலும் மற்றது கரையிலுமாக நின்றால் கம்பி பொய் சொல்லும். எண்ணெய் ஊற்றியபின் ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, எண்ணெய் கீழே இறங்கப் பத்து நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். வடிகட்டி தனக்குரிய பங்கை எடுத்துக்கொண்டதால் மட்டம் சற்று இறங்கியிருக்கும். அதை மட்டும் நிரப்பினால் போதும். மிகுதியை வடித்த பின்னரும் புகை உடனே நில்லாது. சைலன்சரில் படிந்த எண்ணெய் எரிந்து தீரும்வரை பொறுத்தல் வேண்டும்.

மட்டம் சரியாயிருந்தும் நீலப் புகை வருமாயின், காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். நம் நாட்டு டிராக்டர்கள் பலவற்றில் இது எண்ணெய்க் கிண்ணம் கொண்டது. எஞ்சின் எண்ணெய் மாற்றும் நாளிலேயே இக்கிண்ணத்தையும் கழுவி நிரப்புவது வழக்கம். கிண்ணத்தில் குறித்த கோட்டிற்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதை நேரே உறிஞ்சிவிடும். மேற்கூறிய அபாயமே இவ்வழியாலும் வரக்கூடும்.

ஓடாத எஞ்சின், ஓடி நிற்கும் எஞ்சின்

மசகெண்ணெய் மாற்றியதனால் எஞ்சின் ஓடத் தொடங்காமற் போவது அபூர்வம். ஆனால் அதே நாளில் டீசல் வடிகட்டியும் மாற்றப்பட்டிருக்கும். அப்போது குழாயில் புகுந்த காற்று, பம்பு கொடுக்கும் அழுத்தத்தைத் தான் அமுங்கி வாங்கிக்கொண்டு, டீசலை இன்ஜெக்டருக்குச் செல்லவிடாது. எஞ்சின் ஓரிரு நிமிடம் ஓடி நிற்கும்; பின் ஓடவே ஓடாது. "ஏர் எடுத்தல்" எனத் தொழிலாளர் கூறும் வேலையே இதற்குப் பரிகாரம். வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை விட்டு, அழுத்தம் நீங்காமலே திருகை முடுக்க வேண்டும். அடுத்து எரிபொருட் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். அதன் பின்னரும் ஓடாவிடின் இன்ஜெக்டர்க் குழாய்களின் நட்டுகளைச் சிறிது தளர்த்தி எஞ்சினைச் சுழற்றலாம். அங்குக் கசிவு உண்டாவென விரலால் தடவிப் பார்த்தல் கூடாது. உயர் அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதாகும்.

கோளாறல்லாதது ஒன்றும் கோளாறெனக் கொள்ளப்படுகிறது. புது எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுத்துவிட்டது, ஆகவே கலப்படம் என்பர். டீசல் எஞ்சினில் கரித்துகள் உண்டாவது இயற்கை. அதை உலோகத்தின்மீது படியவிடாது தன்னுள் தாங்கி நிற்பது எண்ணெயின் கடமை. கறுத்தல் அக்கடமை நடைபெறுவதன் அடையாளமே. அஞ்ச வேண்டியது வேறு இரண்டுக்கு: எண்ணெய் பால்போல் வெளுத்தல் நீர் கலந்ததைக் காட்டும், ஊற்றாமலே மட்டம் உயர்ந்து டீசல் மணம் வீசுதல் எரிபொருள் கலந்ததைக் காட்டும். இவ்விரண்டிலும் எஞ்சினை ஓட்டாது பணிமனைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும்.

ஆசிரியர்கள் இவற்றை வகுப்பிலேயே விளக்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு எண்ணெயிட்டு வேகமாகக் குலுக்கினால் நுரையும் அது அடங்கும் நேரமும் புலனாகும். மற்றொன்றில் சிறிது நீர் சேர்த்துக் குலுக்கினால் வெண்மை தோன்றும். மையொற்றுத்தாளில் பழைய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கரி நடுவிலும், தெளிந்த எண்ணெய் வெளிவட்டமாகவும் பரவக் காணலாம்.

வடித்த எண்ணெயை அன்றே அப்புறப்படுத்தாமல், அளவு குறித்த பாத்திரத்தில் மூடிவைத்து, டிராக்டர் ஒரு முழுநாள் வேலை செய்தபின் அனுப்புவது நல்ல வழக்கம். எந்தத் துவாரத்திலிருந்து, எத்தனை லிட்டர், எந்நிறத்தில் வந்தது என்ற மூன்று வினாக்களுக்கும் அப்பாத்திரமே விடை கூறும். வடித்த அளவையும் ஊற்றிய அளவையும், மணிமானி காட்டும் எண்ணுடன் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பின்னர் அவ்வெண்ணெயை வாய்க்காலிலோ வேலியோரத்திலோ கொட்டாது, 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் பற்றிய விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரைச் சேருமாறு ஒப்படைத்தல் வேண்டும்.