வான்கோழி: லேபிள் சொல்வதும் சொல்லாததும்

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள். அந்த ஒரு பண்டிகைக்கு மட்டும் சுமார் 4.6 கோடி வான்கோழிகள் அடுப்பேறுவதாக அந்நாட்டு வான்கோழிக் கூட்டமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் அன்று வான்கோழி விருந்துதான். சுற்றுச்சூழலுக்கு அதிகம் கேடு செய்யாத பறவையை வாங்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு கடைக்குப் போகிறவர்கள் பலர். அவர்களிடையே உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: 'நேச்சுரல்' என்று போட்டிருந்தால் இயற்கையாக வளர்ந்த பறவை.

உண்மை: அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதிப்படி, செயற்கைப் பொருள் எதுவும் சேர்க்காமல், அதிகம் பதப்படுத்தாமல் விற்கும் இறைச்சிக்கு இந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். பறவை எப்படி வளர்ந்தது, என்ன தின்றது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

நம்பிக்கை: 'ஹார்மோன் சேர்க்கப்படவில்லை' என்றால் அது தனித் தரம்.

உண்மை: அமெரிக்காவில் எந்தக் கோழிக்கும் வான்கோழிக்கும் ஹார்மோன் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அந்த லேபிளைக் கூர்ந்து பாருங்கள். கோழி இனங்களுக்கு ஹார்மோன் கொடுப்பதை அரசு விதிகள் தடைசெய்கின்றன என்ற வரியும் அதிலேயே இருக்கும், இருந்தாக வேண்டும். 'கூண்டில் அடைக்காதது' என்ற வாசகமும் இதே கதைதான். இறைச்சி வான்கோழிகளைப் பொதுவாகக் கூண்டில் வளர்ப்பதில்லை. ஆயிரக்கணக்கில் பெரிய கொட்டகைகளில் விட்டுத்தான் வளர்க்கிறார்கள்.

நம்பிக்கை: 'ஃப்ரீ ரேஞ்ச்' பறவை புல்வெளியில் மேய்ந்தது.

உண்மை: வெளியே போக வழி இருந்தால் போதும், இந்தப் பெயர் கிடைத்துவிடும். எவ்வளவு நேரம், எவ்வளவு இடம் என்பதற்குத் திட்டவட்டமான அளவு இல்லை. இதைவிட 'ஆர்கானிக்' முத்திரைக்குப் பொருள் அதிகம். செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் விளைந்த தீவனம், பிறந்த இரண்டாம் நாளிலிருந்தே இயற்கை முறை வளர்ப்பு, ஆன்டிபயாடிக் கூடாது என்பவை அதற்கான கட்டாய நிபந்தனைகள்.

நம்பிக்கை: பக்கத்துப் பண்ணையில் வாங்கினால் மாசு பெருமளவு குறையும்.

உண்மை: அமெரிக்கக் குடும்பங்களின் உணவைப் பற்றி கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் வெபர், மாத்யூஸ் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 83 சதவீதம் உற்பத்திக் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. உற்பத்தியான இடத்திலிருந்து கடைக்கு வரும் பயணத்தின் பங்கு 4 சதவீதம்தான். வான்கோழியைப் பொறுத்தவரை பெரிய சுமை, அது தின்னும் மக்காச்சோளமும் சோயாவும். சோள வயலுக்குப் போடும் உரத்தில் ஒரு பகுதி மிசிசிப்பி ஆற்றில் கலந்து, மெக்சிகோ வளைகுடாவில் ஆண்டுதோறும் மீன் வாழ முடியாத பரப்பை உண்டாக்குகிறது. ஆனாலும் பக்கத்துப் பண்ணையால் ஒரு பெரிய நன்மை உண்டு: என்ன தீவனம், எருவை என்ன செய்கிறீர்கள் என்று வளர்ப்பவரிடமே நேரில் கேட்கலாம்.

நம்பிக்கை: பாரம்பரிய இனம் என்றால் எல்லா வகையிலும் நல்லது.

உண்மை: கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அகன்ற மார்புள்ள வெள்ளை இனம். மார்புச்சதை பெருக்கும்படி வளர்த்தெடுத்ததால் அது தானாக இணைசேர முடியாது. செயற்கைக் கருவூட்டலே வழி. நர்ரகான்செட், போர்பன் ரெட் போன்ற பழைய இனங்கள் இயல்பாக இனம் பெருக்கும். 1997-இல் எடுத்த கணக்கில் அமெரிக்காவில் இத்தகைய இனப்பெருக்கப் பறவைகள் 1,500-கூட இல்லை. வாங்க ஆள் இருந்தால்தான் வளர்க்க ஆள் இருப்பார். எனவே இவற்றை வாங்குவது மரபு வளத்தைக் காக்கும். ஆனால் கடைப் பறவை 14 முதல் 18 வாரங்களில் விற்பனைக்குத் தயாராகிவிடும், இவற்றுக்கோ சுமார் 28 வாரம் ஆகிறது. அதனால் கிலோவுக்குத் தீவனம் கூடுதலாகச் செலவாகும். இன்னது வேண்டுமென்றால் இன்னதை விட வேண்டும் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

நம்பிக்கை: நல்ல பறவையைத் தேர்ந்தெடுத்தால் நம் கடமை முடிந்தது.

உண்மை: அமெரிக்காவின் மொத்த உணவில் 30 முதல் 40 சதவீதம் வீணாவதாக வேளாண்மைத் துறையே மதிப்பிடுகிறது. குப்பைக்குப் போகும் ஒவ்வொரு துண்டோடும் அதற்கான தீவனம், தண்ணீர், உரம் எல்லாமே சேர்ந்து போகின்றன. அந்தத் துண்டு குப்பைமேட்டில் அழுகி மீத்தேனையும் வெளியிடுகிறது. ஆளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் என்பது எலும்போடு சேர்த்த கணக்கு. எட்டுப் பேருக்கு எட்டு பவுண்டு போதும். இருபது பவுண்டுப் பறவை தேவையில்லை. மிஞ்சியதைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். இறைச்சியைப் பிய்த்து மிளகு போட்டு வறுக்கலாம். எலும்பைக் கொதிக்கவிட்டு சூப் வைக்கலாம்.

லேபிளில் உள்ள அழகான சொற்களுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். தேவைக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள், முடிந்தால் ஆர்கானிக் முத்திரை பார்த்து வாங்குங்கள், வாங்கியதில் ஒரு துண்டையும் எறியாதீர்கள். இந்த மூன்றில் கடைசியை மட்டும் உறுதியாகக் கடைப்பிடித்தாலே மண்ணுக்கு நன்மைதான்.