பாடசாலை இலவசம், பல்கலைக்கழகம் எப்படி? இங்கிலாந்தில் கல்விச் செலவை யார் கொடுக்கிறார்கள்

புதிதாக வந்த பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இரண்டு கேள்விகள். "ஹோம் ஒபிஸ் முடிவு வர முதல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கலாமோ?" என்பது ஒன்று. "மூத்தவருக்கு ஏ/எல் நல்ல ரிசல்ட், இங்க கம்பஸ் இலவசம்தானே?" என்பது மற்றது. முதலாவதற்குப் பதில்: சேர்க்கலாம், இன்றைக்கே விண்ணப்பிக்கலாம். இரண்டாவதற்குப் பதில் அவ்வளவு சந்தோஷமானது அல்ல. ஏன் இப்படி என்று விளங்கிக்கொண்டால் தேவையில்லாமல் காத்திருக்கவும் மாட்டீர்கள், கடன் வாங்கி ஏமாறவும் மாட்டீர்கள்.

இலங்கையில் 1945ஆம் ஆண்டு கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஒரே கூரையாக இருந்தது. 1980இலிருந்து பாடப் புத்தகமும் இலவசம். பல்கலைக்கழகங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கிறது. காசு பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. இசட் புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு என்று எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் வெளியே நின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அது தலைகீழ். இடம் கிடைப்பது பெரும்பாலும் கஷ்டமில்லை. 18 வயது வரை செலவை அரசாங்கம் பார்க்கிறது. அதற்குப் பிறகு "யார் கட்டுவது?" என்ற கேள்வி வருகிறது, அதற்கான பதில் உங்கள் விசா நிலையைப் பொறுத்தது.

பிள்ளைகளின் பாடசாலை

5 முதல் 16 வயது வரையான பிள்ளை படித்தே ஆக வேண்டும். படிப்பிப்பது பெற்றோரின் கடமை, போதிய பாடசாலை இடம் ஏற்பாடு செய்வது கவுன்சிலின் கடமை. இரண்டும் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் உள்ளவை. அந்தக் கடமை தஞ்சம் கோரியவர்களின் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும். நீங்கள் ஹோம் ஒபிஸ் தந்த ஹோட்டலில் இருந்தாலும் சரி, சொந்தக்காரர் வீட்டில் ஈஸ்ட் ஹாமிலோ ஹரோவிலோ இருந்தாலும் சரி, இருக்கும் இடத்தின் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். "இன்-இயர் அட்மிஷன்" என்று கேளுங்கள். வருட நடுவில் சேருவதற்கு அதுதான் பெயர். ஒரு சில பாடசாலைகளுக்கு நேரே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதையும் கவுன்சில் சொல்லும்.

முகவரிக்கு ஒரு கடிதமும் பிள்ளையின் வயதைக் காட்ட ஏதாவது ஒரு பத்திரமும் கேட்பார்கள். பாஸ்போட், விசா காட்டினால்தான் அனுமதி என்று பாடசாலை சொல்ல முடியாது. 2016இல் பிள்ளையின் தேசிய இனத்தையும் பிறந்த நாட்டையும் பாடசாலைக் கணக்கெடுப்பில் கேட்கத் தொடங்கினார்கள். பெரிய எதிர்ப்பு வந்தது. 2018இல் அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். ஆகவே யாராவது இப்போது கேட்டால் பயந்துபோய்ப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பணம் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று பாடசாலைக்குக் கொடுக்கிறது. ஒக்டோபர் மாதத்தின் முதல் வியாழக்கிழமை டாப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, அதன்படி அடுத்த வருடத்துக் காசைக் கணக்கிடுவார்கள். ஆங்கிலம் வீட்டு மொழியல்லாத, புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் மூன்று வருடங்களுக்கு மேலதிகமாக ஒரு தொகையும் கணக்கில் சேரும். அதனால் "என்ர பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாது, சுமையாக நினைப்பினம்" என்று கூச்சப்படாதீர்கள். அதற்கென்றே காசு இருக்கிறது, ஆங்கிலத்துக்கு என்ன உதவி செய்வீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள்.

ஆனால் மார்ச்சிலோ ஏப்ரலிலோ வந்து சேரும் பிள்ளை அந்த எண்ணிக்கையில் இல்லை. பத்தாம், பதினோராம் வகுப்பு என்றால் பரீட்சையும் நெருங்கிவிடும். சில பாடசாலைகள் பின்வாங்குவதற்கு இவையும் காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். உங்களுக்குத் தெரிய வேண்டியது சட்டம்: அந்த வகுப்பில் இடம் இருந்தால் பொதுவாக மறுக்க முடியாது. விண்ணப்பித்து 15 பாடசாலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் சுயாதீனக் குழுவிடம் மேன்முறையீடு செய்யலாம், காரணத்தையும் முறையையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் "இடமில்லை" என்றால் ஏற்றுக்கொண்டு வராதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கும் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு "பெயர் அக்சஸ்" என்ற ஏற்பாடு எல்லாக் கவுன்சில்களிலும் உண்டு. தஞ்சம் கோரியோரின் பிள்ளைகள் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள்.

அட்மிஷனுக்கு டொனேஷன் கொடுக்கும் பழக்கம் இங்கே வேண்டாம். அரசாங்கக் காசில் நடக்கும் பாடசாலை அனுமதிக்குக் காசு வாங்க முடியாது. இந்தப் பாடசாலைகள் பல பெயரில் இருக்கும்: கவுன்சில் பாடசாலை, அகடமி, சேர்ச் பாடசாலை. இலங்கையில் உதவி பெறும் மிஷன் பாடசாலைகளை 1960-61இல் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இங்கே சமயப் பாடசாலை சமயப் பாடசாலையாகவே இருக்க, அரசாங்கம் செலவைக் கொடுக்கிறது. ஹரோவில் 2008இல் தொடங்கிய கிருஷ்ணா அவந்தி அப்படியான இந்துப் பாடசாலை. "பப்ளிக் ஸ்கூல்" என்ற பெயரைக் கண்டு மட்டும் ஏமாற வேண்டாம், அது ஈட்டன் போன்ற மிக விலையுயர்ந்த தனியார் பாடசாலை! எல்லா அரச பாடசாலைகளையும் ஒவ்ஸ்ரெட் என்ற அமைப்பு பரிசோதிக்கிறது, அதன் அறிக்கையை யாரும் இணையத்தில் வாசிக்கலாம்.

மதியச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டனில் அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் 2023 செப்டெம்பரிலிருந்து மேயரின் நிதியில் சாப்பாடு இலவசம். செகண்டரிப் பிள்ளைக்கு, நீங்கள் 95ஆம் பிரிவின் உதவி பெறுபவர் என்றால் உரிமை உண்டு, ஆனால் படிவம் நிரப்பினால்தான் கிடைக்கும். ஆரம்பப் பாடசாலையிலும் படிவத்தை நிரப்பிவிடுங்கள், அதைக் கொண்டு பாடசாலைக்கு மேலதிக நிதி வரலாம்.

பெற்றோர் இல்லாமல் தனியே வந்த 18 வயதுக்குட்பட்டவர் கவுன்சிலின் பொறுப்பில் இருப்பார். பாடசாலையைத் தேடுவது சோசல் வேர்க்கரின் வேலை. நடக்கவில்லை என்றால் அவரிடம் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

16க்குப் பிறகு

16 முதல் 18 வரையுள்ளவர்கள் கொலிஜிலோ சிக்ஸ்த் போமிலோ கட்டணமின்றிப் படிக்கலாம், தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும். அப்ரென்டிஸ்ஷிப் மட்டும் வேறு. அது வேலையாகக் கணிக்கப்படும், வேலை அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது.

19 வயதுக்கு மேற்பட்டவர்களின் ஆங்கில வகுப்புக்கு ஒரு கதை இருக்கிறது. 2007இல் அரசாங்கம் தஞ்சம் கோரிய பெரியவர்களுக்கு இலவச வகுப்பை நிறுத்தியது. எதிர்ப்புக்குப் பிறகு, ஆறு மாதமாகியும் முடிவு வராதவர்கள் படிக்கலாம் என்று தளர்த்தினார்கள். இங்கிலாந்தின் பொது விதியில் அந்த ஆறு மாதம் தொடர்ந்தது. ஆனால் லண்டனில் இந்தக் காசை 2019 முதல் மேயர் அலுவலகமே பங்கிடுகிறது, விதிகளையும் அதுவே எழுதுகிறது. ஆகவே வந்த முதல் மாதத்திலேயே பக்கத்துக் கொலிஜில் போய் "ஈசோல்" என்று கேட்டுப் பாருங்கள். போக முதல் உங்கள் பெயில் 201 கடிதத்தில் படிப்புக்குத் தடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே சொலிசிட்டரிடம் காட்டுங்கள்.

பல்கலைக்கழகம்

இங்கே உள்நாட்டு மாணவருக்கே கட்டணம் உண்டு. 1998இல் வருடத்துக்கு 1,000 பவுணாகத் தொடங்கி, 2006இல் 3,000, 2012இல் 9,000 என்று ஏறி, 2025-26 கல்வியாண்டில் உச்சவரம்பு 9,535 பவுண். அவர்களுக்கு அரசாங்கக் கடன் கிடைக்கும், உழைக்கத் தொடங்கிய பின் கட்டினால் போதும். தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் உள்ளவரை இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் வழமையாக வெளிநாட்டு மாணவராகவே கணிக்கும். பல இடங்களில் அந்தக் கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல். கடனும் இல்லை, வேலை செய்யவும் அனுமதி இல்லை. அகதி அந்தஸ்து கிடைத்தவுடன் உள்நாட்டுக் கட்டணத்துக்கும் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஜேர்மனியில் இருக்கும் தம்பி "இங்க ஃபீஸ் இல்லை, அங்க என்ன?" என்று போனில் சொல்வார். அவர் சொல்வது அங்கே பெரும்பாலும் சரி, ஜேர்மனியின் அநேக மாநிலங்களில் அரச பல்கலைக்கழகம் கட்டணம் வாங்குவதில்லை. நோர்வேயும் அப்படித்தான் இருந்தது, 2023இல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குக் கட்டணம் வைத்துவிட்டது. ஸ்கொட்லாந்து தன் மாணவர்களுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. லண்டனில் இருப்பவருக்கு இவை எதுவும் பொருந்தாது.

வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். "யுனிவர்சிட்டி ஒவ் சங்ச்சுவரி" என்ற ஏற்பாட்டில் சேர்ந்த பல பல்கலைக்கழகங்கள் தஞ்சம் கோரியோருக்கென்றே சில புலமைப்பரிசில்கள் வைத்திருக்கின்றன. இடம் கொஞ்சம்தான், போட்டி அதிகம், முடிவு திகதியும் வேறு. யுக்காஸ் விண்ணப்பத்தோடு இதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஏ/எல் சான்றிதழ் ஊரில் இருந்தால், அதை எடுப்பதற்கு ஹை கமிஷனுக்கோ இலங்கைத் திணைக்களத்துக்கோ எழுத முதல் சொலிசிட்டரிடம் கேளுங்கள். அந்தத் தொடர்பு உங்கள் கேஸைப் பாதிக்கக்கூடும்.

சீட்டு எடுத்தும் நகை அடகு வைத்தும் "டிப்ளோமா, பிறகு விசா" என்று சொல்லும் ஏஜென்டிடம் கொடுத்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். படிப்புக்குக் காசு கட்டியதால் தஞ்சக் கேஸ் வெல்லாது. காசு கட்ட முதல், அந்த நிறுவனத்தின் பெயர் "ஒபிஸ் போர் ஸ்டூடன்ட்ஸ்" பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 2018இல் தொடங்கிய இந்த அமைப்புத்தான் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களை ஒழுங்குபடுத்துகிறது, பதிவேட்டை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர் இல்லை என்றால் ஒரு பவுணும் கட்டாமல் கடிதங்களை எங்களிடம் எடுத்து வாருங்கள்.